பார்சல் வரவில்லையா? பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட்டில் எதையாவது விற்கலாமா என்று எண்ணுகின்றனர். தென்காசியில் இருக்கும் நீங்கள், குற்றால அருவியை கம்ப்யூட்டரில் வரைந்து, அதை டி-சர்ட்டில் அச்சிட்டு விற்பதாக வைத்துக் கொள்வோம். இதற்கு மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆர்டர் வந்தபின் ஒரே ஒரு டி-சர்ட் என்றாலும் அச்சிட்டுத் தரும் நிறுவனங்கள் திருப்பூரில் உள்ளன. இதனை பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்பார்கள். டிசைன் பைலை அனுப்பினால் போதும். அவர்களே அச்சிட்டு, சென்னையில் இருக்கும் வாடிக்கையாளருக்கு நேராக அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் பணம் கொடுத்தவருக்குத் தெரிந்தது உங்கள் கடை மட்டுமே. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளும், குறையுள்ள பொருளையும் விளம்பரப்படி இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். விலை ரூ.499. தயாரிப்பாளருக்கு ரூ.300, கூரியருக்கு ரூ.70 போனால் உங்களுக்கு மிஞ்சுவது ரூ.129. ஒரு பார்சல் தொலைந்து, மாற்று டி-சர்ட்டை உங்கள் செலவில் அனுப்பினால் ரூ.370 போய்விடும். ஏறத்தாழ மூன்று ஆர்டர்களின் லாபம்! எனவே, எந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பதைத் தயாரிப்பாளரிடம் முன்பே இமெயிலில் எழுதி வாங்கவும்.

பார்சல் தொலைந்தால்: முதலில் டிராக்கிங் எண்ணைக் கொடுத்து நிலையைப் பார்க்கவும். டெலிவரி ஆனதாகக் காட்டியும் வாடிக்கையாளர் மறுத்தால், பக்கத்து வீட்டில் விசாரிக்கச் சொல்லவும். பின்னர் கையெழுத்து அல்லது ஓடிபி சான்றினைக் கேட்கவும். பார்சலை புக் செய்தவர் தயாரிப்பாளர் என்பதால், பெரும்பாலும் அவர் மூலமாகத்தான் கூரியரில் புகார் செய்ய முடியும்.

குறையுள்ள பொருள் சென்றால்: அச்சுப் பிழை, கிழிசல், பார்சல் மேல் உள்ள லேபிள் ஆகியவற்றின் போட்டோக்களைக் கேட்டு வாங்கவும். ஆர்டர் எண்ணையே பைல் பெயராகக் கொடுத்து, தனி போல்டரில் சேவ் செய்திடவும். தயாரிப்பாளர் விதித்த கெடு முடியும் முன் அவற்றை அனுப்பினால்தான் மாற்றுப் பொருள் கிடைக்கும்.

அளவு பொருந்தாவிட்டால்: இது தயாரிப்பாளரின் தவறல்ல; பெரும்பாலும் செலவு உங்கள் தலையில்தான் விழும். மார்புச் சுற்றளவை இஞ்ச் கணக்கில், படத்துடன் கடைப் பக்கத்தில் தரவும். மாற்றித் தருவீர்களா, கூரியர் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே எழுதவும்.

திரும்பி வந்தால்: முகவரி தவறினாலோ, கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரை வாங்க மறுத்தாலோ பார்சல் திருப்பூருக்கே திரும்பும். போன கூலி, வந்த கூலி இரண்டும் நஷ்டம். அச்சிடக் கொடுக்கும் முன் ஒரு முறை போன் செய்து முகவரியை உறுதி செய்திடவும்.

எக்செல்லில் ஆர்டர் எண், தேதி, தயாரிப்பாளரின் ஆர்டர் எண், டிராக்கிங் எண், புகார், தீர்வு என ஆறு நெட்டு வரிசைகள் அமைக்கவும். தினமும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால், புகார் வருமுன் தேங்கி நிற்கும் பார்சல் உங்கள் கண்ணில் பட்டுவிடும்.