ஊறலுக்குப் போடும் உரம்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் வீட்டு ஒயின் செய்முறை வீடியோக்கள் வரிசை கட்டி வரும். திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு, ஒரு கைப்பிடி கோதுமை. பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டிவிட்டால் ஆயிற்று. கோதுமை எதற்கு என்று கேட்டால் ருசிக்கு என்பார் ஒருவர், சீக்கிரம் பொங்கும் என்பார் இன்னொருவர். பொங்கும் என்பவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை மட்டும் போதாது, வேறு தீனியும் வேண்டும்.

அந்தத் தீனியில் முக்கியமானது நைட்ரஜன். திராட்சைச் சாற்றில் அது பெரும்பாலும் தேவைக்கு இருக்கும். லிட்டருக்குச் சுமார் 150 மில்லிகிராம் இருந்தால் ஈஸ்ட் சமாளித்துக்கொள்ளும். வெறும் சர்க்கரைத் தண்ணீரில் அது அறவே கிடையாது. பட்டினி கிடக்கும் ஈஸ்ட் பாதியில் படுத்துவிடும், இல்லையென்றால் அழுகிய முட்டை நாற்றம் கிளப்பும். இங்கேதான் ஆளாளுக்குக் கை அரிக்கிறது. பயிருக்கு ஆகிற நைட்ரஜன் ஈஸ்ட்டுக்கு ஆகாதா என்று உரக்கடை யூரியாவையோ டிஏபியையோ ஒரு ஸ்பூன் போட்டுப் பார்க்கிறார்கள்.

யோசனை புதிதல்ல. கள்ளச்சாராய ஊறலில் வெல்லம், கடுக்காய், வேலம்பட்டையோடு நவச்சாரமும் போடுவது பழைய வழக்கம். ஈயம் பூசுகிறவர் காய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் தூவித் தேய்க்க, குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்புமே, அதே நவச்சாரம்தான். வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. அதிலுள்ள அம்மோனியத்தை ஈஸ்ட் நைட்ரஜனாக எடுத்துக்கொள்ளும். ஊறல் வேகமாகப் பொங்கவும் செய்யும். ஆனால் பாத்திரத்துக்கு ஈயம் பூச விற்கிற பொடியில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

யூரியா விஷயம் இன்னும் மோசம். ஈஸ்ட் தின்றது போக மிஞ்சுகிற யூரியா சும்மா கிடக்காது. அங்கேயே இருக்கும் ஆல்கஹாலோடு சேர்ந்து எத்தில் கார்பமேட் என்ற பொருளாகும். சூடு ஏற ஏற, நாள் போகப் போக அது கூடும். அப்படியென்றால் யூரியா மிஞ்சிய ஊறலை அடுப்பிலேற்றிக் காய்ச்சுவது என்ன வேலை என்று யோசித்துக்கொள்ளலாம். இந்தப் பொருளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. கனடாவில் 1985-இல் கடை மதுவிலேயே இது கண்டுபிடிக்கப்பட்டுப் பெரிய விவகாரமானது. ஒயினில் நூறு கோடிப் பங்குக்கு 30 பங்கு, காய்ச்சி வடித்த மதுவில் 150 பங்கு என்று அந்த அரசு அப்போது வரம்பு கட்டியது. ஆய்வுக்கூடம் வைத்துத் தொழில் செய்தவர்களுக்கே அந்தக் கதி. நம் ஊர் யூரியாவில் கூடுதலாக வேப்பெண்ணெய்ப் பூச்சும் உண்டு; 2015-இலிருந்து அது கட்டாயம். மண்ணில் கிருமிகளின் வேலையை மட்டுப்படுத்துவதற்கென்றே பூசியதை, கிருமியை வளர்க்கும் ஜாடியில் போடுகிறோம்.

டிஏபி கொஞ்சம் வேறு. உணவுத் தரத்தில் அது கிடைக்கிறது. அமெரிக்க ஒயின் தொழிலில் லிட்டருக்கு 0.96 கிராம் வரை சேர்க்க அனுமதியும் உண்டு. உரமூட்டையில் வருவது பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்தது. அதில் காட்மியம் போன்ற கன உலோகங்கள் கூடவே வரலாம். பெயர் ஒன்றுதான், தரம் வேறு. நல்ல சரக்கையே அளவு மீறிப் போட்டால், மிஞ்சிய அம்மோனியா வடிக்கும்போது ஆவியோடு ஏறி, செம்புக் குழாயை அரித்து, வடிவதை நீல நிறமாக்கும். நீலமாக வடிந்ததைக் கொட்டத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிறதே என்றாவது சந்தோஷப்படலாம். எத்தில் கார்பமேட்டுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை.

வீட்டில் ஒயின் போடச் சட்டம் இடம் கொடுக்கிற நாட்டில் இருப்பவருக்கு எளிய வழி உண்டு. ரொட்டி ஈஸ்ட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டால் செத்த ஈஸ்ட்டே உயிருள்ள ஈஸ்ட்டுக்குத் தீனியாகும். இல்லையென்றால் உணவுத் தர ஊட்டத்தை வாங்கி, சீட்டில் போட்ட அளவுக்குள் நிறுத்திக்கொள்ளலாம். நுரை அடங்குமுன் பாட்டிலை இறுக்கி மூடினால் கரியமில வாயு அழுத்தத்தில் கண்ணாடி வெடிக்கும்.

இனி சட்டம். பிரிட்டனிலும் கனடாவிலும் சொந்த உபயோகத்துக்கு பீரும் ஒயினும் வீட்டில் செய்யலாம். காய்ச்சி வடிக்க உரிமம் வேண்டும். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதை. நியூசிலாந்து 1996-இலிருந்து சொந்த உபயோகத்துக்கு வடிப்பதையும் விட்டுவைத்திருக்கிறது. டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் அனுப்பும் செய்முறையை மதுரையில் செய்தால் நிலைமை வேறு. ராஜாஜி ஆட்சியில் சேலத்தில் தொடங்கிய 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் கண்ணில் ஒயினும் மது, கள்ளும் மது. உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். தயாரிப்பதற்கான பொருளும் பாத்திரமும் வைத்திருப்பதும் குற்றம். "விற்க இல்லை சார், வீட்டுக்குத்தான்" என்பது காவல் நிலையத்தில் செல்லாது. 2024 திருத்தத்துக்குப் பிறகு, கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் சிறை வரை தண்டனை உண்டு. இலங்கையிலும் கசிப்பு எனப்படும் கள்ளச்சாராயமும் அதற்கான ஊறலான கோடாவும் பிடிபட்டால் வழக்குத்தான்.

அந்தத் திருத்தம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்குப் பிறகு வந்தது. 2024 ஜூனில் அங்கே 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊறலில் கண்டதைப் போட்டதால் மெத்தனால் உண்டானது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். சர்க்கரையும் வெல்லமும் நொதித்தால் மெத்தனால் வருவது மிகச் சொற்பம். உரம் போட்டால் அது அதிகரிக்காது. அங்கே கொன்றது தொழிற்சாலை மெத்தனால். சாராயத்தைக் கொளுத்தி நீலச் சுடர் வந்தால் நல்லது என்கிற சோதனையையும் நம்ப வேண்டாம், மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும்.

குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்ணில் பனி மூடியதுபோல் மங்கல் வரும். மங்கல் தெரிந்த பிறகு தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுத்தவர்களில் பலர் பார்வையை இழந்திருக்கிறார்கள். மோரோ எலுமிச்சைச் சாறோ உதவாது. 108-ஐ அழைத்து, என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாற்று மருந்தான ஃபோமெபிசோலும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் பிழைக்க வழி உண்டு. சேர்ந்து குடித்த மற்றவர்களையும், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், கூட்டிப் போக வேண்டும்.

வழக்கு வருமே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதால்தான் பாதி உயிர் போகிறது. வழக்கு பிறகு வரட்டும். அவசரச் சிகிச்சை கொடுத்த பிறகே சட்ட நடைமுறை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் அது பொருந்தும். "போலீஸ் கேஸ், எடுக்க மாட்டோம்" என்று யாராவது திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் யாரையாவது கைது செய்துவிட்டால், காவலில் இருப்பவருக்கு வருமானம் எதுவானாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், தொலைபேசி 15100. தெருவில் சாராயம் விற்கிறார்கள் என்றால் 10581-க்குத் தகவல் கொடுக்கலாம்.