கன அடிக்கு லிட்டர் கணக்கு

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் தாம்பரம், முடிச்சூர், அனகாபுத்தூர் பகுதி மக்கள் ஓர் எண்ணைக் கவலையோடு கவனிக்கின்றனர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு எத்தனை கன அடி உபரிநீர் திறக்கப்படுகிறது என்பதே அது. அந்த எண் எவ்வளவு நீரைக் குறிக்கிறது என்பது பலருக்கும் விளங்குவதில்லை.

மெட்ரிக் முறைக்கு வித்திட்ட 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர், கடைகளில் படியும் ஆழாக்கும் மறைந்து லிட்டர் வந்தது. நீர்நிலைகளுக்கு மட்டும் ஆங்கிலேயர் காலத்துக் கன அடியே நீடிக்கிறது. அமெரிக்காவிலும் ஆற்று நீரோட்டத்தைக் கன அடியில்தான் அளக்கின்றனர்.

கணக்கு எளிது. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். வீட்டு மாடியிலுள்ள 1,000 லிட்டர் தொட்டி ஏறத்தாழ 35 கன அடி. ஒரு மில்லியன் கன அடி 2.83 கோடி லிட்டர். ஒரு டிஎம்சி அதைப்போல் ஆயிரம் மடங்கு. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கன அடி, சுமார் 10,320 கோடி லிட்டர்.

கொள்ளளவு வேறு, வெளியேற்றம் வேறு. 'ஆயிரம் கன அடி திறப்பு' என்னும் செய்தியில் 'விநாடிக்கு' என்ற சொல் விடுபட்டால் பொருளே மாறிவிடும். விநாடிக்கு ஆயிரம் கன அடி எனில், ஒரு மணி நேரத்தில் 10 கோடி லிட்டருக்கு மேல் வெளியேறும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அது 8.2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 68 ஒவ்வொரு விநாடியும் கவிழ்ந்ததற்குச் சமம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேற்பகுதியில் உள்ளவை. அங்கு வெள்ளம் முதன்மையாக ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகளின் உபரிநீராலும் அங்கேயே பெய்யும் மழையாலும் வருகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்.

எனவே, எச்சரிக்கைகளில் கன அடியுடன் லிட்டர் அளவும், அந்த நீர் எந்தெந்தப் பகுதிகள் வழியே செல்லும் என்பதும் இடம்பெற வேண்டும். முடிச்சூர் மக்களுக்கு ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் நிலவரமும் உடனுக்குடன் கிடைக்க வேண்டும். உரியவருக்குப் புரியாத எச்சரிக்கை, விடுக்கப்படாத எச்சரிக்கைக்கு ஒப்பானதே.