வீழ்ந்தபின் உயர்ந்த கொள்ளையன்

ஜப்பானிய மௌனப்படங்களில் கொள்ளைக்காரன் முதலில் மாயாவியாகத்தான் வந்தான். ஷோஸோ மாகினோ 1921-இல் எடுத்த ‘ஜிரையா’வில் நாயகன் நின்ற இடத்திலேயே மறைகிறான், ராட்சதத் தேரையாக உருமாறுகிறான். கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டியதுதான் அந்த வித்தை. ஜிரையாவாக நடித்த மாட்சுனொசுகே ஒனோயே, ஜப்பானின் முதல் திரை நட்சத்திரம். அவர் படங்களில் சண்டை கபுகி நாடகத்தின் சாயலிலேயே நடக்கும். வாளை ஓங்குவார், கண்ணை உருட்டுவார், ஒரு கணம் சிலையாக நிற்பார். கேமரா எதிரே அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கதையையும் வசனத்தையும் திரையருகே நின்று சொல்பவர் பென்ஷி எனப்பட்ட கதைசொல்லி. கூட்டம் சேர்ந்ததில் அவருக்கும் பெரும் பங்கு உண்டு.

1917-இல் தொடங்கிய ஷின்கொகுகெகி நாடகக் குழு, வெட்டும் குத்தும் நிஜம்போலத் தெரியும் வாள்சண்டையை மேடையேற்றியது. அந்த வேகம் சினிமாவுக்கும் தொற்றியது. 1925-இல் வந்த ‘ஒரோச்சி’யில் ட்சுமாசபுரோ பாண்டோ, செய்யாத குற்றங்களுக்காகப் பழிசுமந்து ஊரைவிட்டு ஒதுக்கப்படும் சாமுராய். இறுதிச் சண்டையில் காவலர் கூட்டம் கயிறுகளோடு நாலாபுறமும் சூழ்கிறது. ஓடுகிறார், திரும்பி வெட்டுகிறார், மூச்சுவாங்குகிறார். முடிவில் கட்டுண்டு போகிறார். களைத்துப்போகும் நாயகனை ரசிகர்கள் இங்கே கண்டார்கள்.

இந்த வகையின் உச்சம், டைசுகே இட்டோ 1927-இல் மூன்று பாகங்களாக எடுத்த ‘சூஜியின் பயணக் குறிப்புகள்’. குனிசாதா சூஜி கற்பனைப் பாத்திரம் அல்ல. 1810-இல் பிறந்த சூதாட்டக் கும்பல் தலைவன் அவன். சோதனைச் சாவடியை மீறிய குற்றத்துக்காக 1851-இல் சிலுவையில் அறையப்பட்டான். பஞ்சத்தில் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவன் என்று நாட்டுப்புறக் கதைகள் அவனைக் கொண்டாடின. இட்டோ அந்தப் புகழைத் தொடாமல், அவனுடைய கடைசி நாட்களைப் பிடித்துக்கொண்டார். தேடப்படும் சூஜி, சாகே மது வடிக்கும் ஒரு வீட்டில் பெயரை மாற்றிக்கொண்டு கணக்கெழுதுகிறான். பிறகு பக்கவாதம் அவனைப் படுக்கையில் தள்ளுகிறது. வெளியே அவனைக் காக்கக் கூட்டாளிகள் ஒவ்வொருவராக மடிகிறார்கள். வாள்வீரனோ எழ முடியாமல் கிடக்கிறான். டென்ஜிரோ ஒகோச்சி இந்தக் காட்சிகளில் முகத்தாலேயே நடிக்கிறார். சண்டைப்படங்களில் இதைவிடத் துணிச்சலான முடிவு அரிது.

அன்றைய விமர்சகர்கள் இந்தப் படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அதன் பிரதிகள் தொலைந்து, பல பத்தாண்டுகள் பெயர் மட்டுமே நிலைத்தது. 1991-இல் ஹிரோஷிமாவில் ஒரு பிரதி கிடைத்தது. அதில் முதல் பாகம் இல்லை, இரண்டாம் பாகத்தில் சிறு பகுதியும் மூன்றாம் பாகத்தின் பெரும்பகுதியும் இருந்தன. புதுப்பிக்கப்பட்டு மறு ஆண்டு திரையிடப்பட்டது அதுதான். இதே இட்டோவும் ஒகோச்சியும் 1931-இல் எலித் திருடன் ஜிரொகிச்சியைப் பற்றி எடுத்த படம் ஏறக்குறைய முழுதாகவே தப்பியிருக்கிறது. பிரபுக்களின் மாளிகைகளில் மட்டுமே கைவைத்தவன் என்று ஜனங்கள் போற்றிய அந்தத் திருடனுக்கு, 1832-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. டோக்கியோவின் எக்கோயின் கோயிலில் உள்ள அவன் கல்லறையில், அதிர்ஷ்டம் வேண்டி ஒரு துளி கல்லைச் சுரண்டி எடுத்துப் போவோர் இன்றும் உண்டு.