டால்பியா, டிடிஎஸ்ஸா?

ஹோம் தியேட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "டால்பி நல்லதா, டிடிஎஸ் நல்லதா?" என்றுதான். டீயை ஆற்றிக் குடித்தபடி நிதானமாகப் பேச வேண்டிய கேள்வி இது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரைவிட, ஒலி உங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்பதே முக்கியம்.

எண்களிலிருந்து தொடங்கலாம். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர்கள்: முன்னால் இடது, நடு, வலது, பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி இரண்டு. அந்த .1 என்பது 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிக்கென ஒதுக்கிய தனித்தடம். இடிமுழக்கமும் குண்டுவெடிப்பும் அதன் வழியாகத்தான் சப்வூஃபரை அதிர வைக்கின்றன. 7.1 என்றால் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. 5.1.2 என்று மூன்றாவதாக ஓர் எண் இருந்தால், அது தலைக்கு மேலிருந்து கேட்கும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை.

டால்பி–டிடிஎஸ் போட்டி தியேட்டரில் பிறந்தது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலில் வந்தது. அடுத்த ஆண்டே 'ஜுராசிக் பார்க்' டிடிஎஸ்ஸில் வந்தது. டால்பி, படச்சுருளின் ஓரத் துளைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் ஒலியை அச்சிட்டது. டிடிஎஸ் ஒலியைத் தனி வட்டில் வைத்து, சுருளில் நேரக்குறியீட்டை மட்டும் பதித்தது. வட்டில் இடம் தாராளம் என்பதால் அதிகம் சுருக்க வேண்டியிருக்கவில்லை. டிவிடியிலும் அப்படியே: டால்பி டிஜிட்டலுக்கு நொடிக்கு அதிகபட்சம் 448 கிலோபிட், டிடிஎஸ்ஸுக்கு 768 அல்லது சுமார் 1,500.

"டிடிஎஸ்தான் கெத்து" என்ற பேச்சுக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் சத்த அளவு. டால்பி தடத்தில் வசனத்தின் சராசரி அளவைச் சொல்லும் ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படித்து, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் மொத்த ஒலியையும் கொஞ்சம் இறக்கிவிடும். பல படங்களில் 4 டெசிபல். வால்யூமைத் தொடாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால், கூடுதல் சத்தமே கூடுதல் தரமாகக் காதுக்குப் படும். சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

புளூ-ரே வந்ததும் இந்தச் சண்டைக்கே வேலையில்லாமல் போனது. அதிலுள்ள டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் எதையும் இழக்காமல் சுருக்குபவை. ஒரே புடவையை இருவர் இருவிதமாக மடித்து வைத்ததைப் போல. பிரித்தால் அதே புடவைதான், ஓர் இழைகூடக் குறையாது.

அட்மாஸ் வேறு வகை. 2012இல் 'பிரேவ்' படத்தோடு அறிமுகமாகி, அதே ஆண்டின் இறுதியில் 'சிவாஜி 3டி' வழியாகத் தமிழுக்கும் வந்தது. பழைய முறையில் ஹெலிகாப்டர் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று ஸ்டூடியோவிலேயே முடிவாகிவிடும். அட்மாஸில் அந்தச் சத்தத்தோடு அது அறையில் எங்கே, எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்ற தகவலும் சேர்ந்து வரும். உங்கள் வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு ஏற்ப ரிசீவர் அதைப் பிரித்துக் கொடுக்கும். டிடிஎஸ்:எக்ஸும் இதே வழிதான்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். அட்மாஸ் தனியாகப் பயணம் செய்வதில்லை. வட்டில் பெரும்பாலும் ட்ரூஎச்டி மேல் ஏறி வரும். ஓடிடியில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கப்பட்ட வடிவத்தின் மேல் வரும். முத்திரை ஒன்றே, சரக்கு இருதரம். டிவியிலுள்ள செயலியில் மட்டும் படம் பார்ப்பவருக்குச் டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியை அனுப்பும் சாதாரண ஆர்க் (HDMI ARC) இணைப்பே ஓடிடி அட்மாஸைக் கொண்டுவரப் போதும். வட்டு பிளேயரை டிவியில் செருகி, அங்கிருந்து ட்ரூஎச்டியை ரிசீவருக்கு அனுப்பத்தான் ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் (eARC) தேவை. பிளேயரை நேராக ரிசீவரிலேயே செருகினால் அந்தக் கவலையும் இல்லை.

இன்றிரவே ஒன்றைச் சோதியுங்கள். அட்மாஸ் முத்திரையுள்ள படத்தை ஓடவிட்டு, ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். அதில் வெறும் ஸ்டீரியோ என்று எரிந்தால், டிவியின் ஒலி மெனுவுக்குப் போய் டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம்மில் நிற்கிறதா என்று பாருங்கள்; அதை ஆட்டோ அல்லது பாஸ்த்ரூவுக்கு மாற்றுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர்கள் பல வீடுகளில் இந்த ஒரே காரணத்தால் பாதி உழைப்போடு நின்றுவிடுகின்றன.

ஐந்து ஸ்பீக்கரையும் டிவி அலமாரியில் வரிசையாக அடுக்கினால் எந்த ஃபார்மேட்டும் கைகொடுக்காது. பக்கவாட்டு ஜோடி, நீங்கள் உட்காரும் இடத்துக்கு இருபுறமும் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. பட்ஜெட் இடித்தால் மேல் ஸ்பீக்கரைத் தள்ளிப்போட்டு, நல்ல நடு ஸ்பீக்கரை வாங்குங்கள். ஒரு வசனத்தைத் தெளிவாகக் கேட்க வைக்க ஒலிக்கலைஞர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். அது வீட்டில் புரியாமல் போனால், தலைக்கு மேலே பறக்கும் ஹெலிகாப்டரால் யாருக்கும் பயனில்லை.