குறட்டையால் பிரியும் படுக்கைகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியின் விவகாரம் ஜமாஅத்துக்கு வந்தது. (அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், ஊர் பெயர் வேண்டாம்.) கணவருக்கு 50 வயது இருக்கும். 18 ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊரோடு வந்து தங்கியவர். "வந்து ஆறு மாசம்கூட ஆகலை ஹஜ்ரத். தலையணையைத் தூக்கிக்கிட்டு பிள்ளைங்க ரூமுக்குப் போயிட்டா. சம்பாதிச்ச வரைக்கும்தான் நான் வேணும் போல" என்றார், கண் கலங்க. அந்தப் பெண் சபையில் வாய் திறக்கவில்லை. பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "அவங்க குறட்டையில ராத்திரி பூரா தூக்கம் இல்லை. இதைப் போய் பெரியவங்க முன்னாடி எப்படிச் சொல்றது?"

லீவில் வந்துபோகும் 40, 50 நாட்களில் பொறுத்துக்கொண்ட சத்தம், தினசரி வாழ்க்கையாகும்போது பொறுக்க முடியாததாகிறது. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பும் நம் குடும்பங்களில் இது அபூர்வமல்ல; பேசப்படாதது, அவ்வளவுதான். அதோடு நம் சமூகத்தில் படுக்கையைப் பிரிப்பது சாதாரண விஷயமாகப் பார்க்கப்படுவதில்லை. கணவன் மனைவிக்குள் பிணக்கு முற்றும்போது எடுக்கும் நடவடிக்கைகளில் ஒன்றாகவே அது குர்ஆனில் (அந்நிஸா அத்தியாயம்) வருகிறது. எனவே காரணம் சொல்லாமல் அறை மாறினால் அது கோபம் என்றே வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். தூக்கத்துக்காக விலகிப் படுப்பது வேறு, மனம் கசந்து விலகுவது வேறு. அந்த வித்தியாசத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் மற்றவருக்குப் புரியும்.

இனி குறட்டை எப்படி வருகிறது என்று பார்ப்போம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதி, உள்நாக்கு, நாக்கின் அடிப்பகுதி எல்லாம் தளர்ந்து காற்று போகும் வழியைக் குறுக்குகின்றன. குறுகிய வழியில் காற்று உரசிப் போகும்போது அந்தச் சதைகள் அதிர்கின்றன, அதுதான் சத்தம். உடல் எடை, தடித்த கழுத்து, மூக்கடைப்பு, தூக்க மாத்திரை, புகைப்பழக்கம், மல்லாந்து படுப்பது எல்லாம் இதைக் கூட்டும். ஆண்களுக்கு மட்டும் வருவதல்ல. கர்ப்ப காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண்களுக்குக் குறட்டை அதிகமாகிறது. ஆனால் "பொம்பள குறட்டை விடலாமா" என்ற கேலிக்குப் பயந்து அவர்கள் வெளியே சொல்வதில்லை. மருத்துவரிடம்கூட "அசதியா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எல்லாக் குறட்டையும் நோய் அல்ல. ஆனால் சத்தம் திடீரென்று நின்று, சில நொடிகள் நிசப்தமாகி, பிறகு திணறலோடு மூச்சு திரும்பினால் அது 'ஸ்லீப் ஆப்னியா'வாக இருக்கலாம். தொண்டை மூடிக்கொண்டு குறைந்தது 10 நொடி மூச்சு தடைபடும் நிலை அது. ஒரு மணி நேரத்தில் இப்படி 5 தடவைக்கு மேல் நடந்தால் கவனிக்க வேண்டும்; 30ஐத் தாண்டினால் கடுமையானது. இதைக் கவனிக்காமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. காலையில் தலைவலி, எரிச்சல், ஜுமுஆ பயான் தொடங்கியதும் கண் சொருகுவது (என் பேச்சும் காரணமாக இருக்கலாம்!), வண்டி ஓட்டும்போது தூக்கம், தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது, இவையெல்லாம் இதனால் வரலாம். கடைசியாகச் சொன்னதை மனைவி "என்னைப் பிடிக்கவில்லை" என்று புரிந்துகொள்ள, பிணக்கு இன்னொரு பக்கமும் வளர்கிறது.

தூங்குபவருக்கு இது எதுவும் தெரியாது. சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். அதனால் மனைவி சொல்லும் புகாரைக் குறை சொல்வதாக எடுக்காதீர்கள். நோயின் முதல் தகவல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பக்கத்தில் படுப்பவர் இழப்பதும் கொஞ்சமல்ல. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 10 தம்பதிகளை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்தது. கணவரின் மூச்சுத் தடையைச் சரிசெய்த அதே இரவில், மனைவியின் தூக்கம் 8 மணி நேரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் கூடியது.

செய்ய வேண்டியது என்ன? வேண்டுமானால் போனில் சத்தத்தைப் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிக்கக் கூடாது. எடையைக் குறைப்பது, மூக்கடைப்புக்கு மருத்துவம் பார்ப்பது, படுப்பதற்குச் சற்று முன்பு வயிறு நிறைய பிரியாணி சாப்பிடாமல் இருப்பது ஆகியவை உதவும். நபி (ஸல்) அவர்கள் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கற்றுத் தந்தார்கள். பக்கவாட்டில் படுத்தால் நாக்கு பின்னால் சரிவது குறைவதால் பலருக்குக் குறட்டையும் குறைகிறது. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு மருத்துவரைத் தவிர்ப்பது சரியல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள். ஓர் இரவு உடலில் கருவிகளைப் பொருத்தி, தூக்கத்தைப் பதிவு செய்து மூச்சுத் தடையை எண்ணுவார்கள். தேவைப்பட்டால் 'சிபாப்' என்ற மிஷின் தருவார்கள். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் இதை 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் கொண்டுவந்தார். விலை பல ஆயிரம் ரூபாய் ஆகும். மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போடும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நம் கணவருக்கு மணிக்கு 40க்கு மேல் வந்தது. முதல் இரண்டு வாரம் முகமூடியை நடுராத்திரியில் கழற்றி எறிந்தாராம். பிறகு பழகிவிட்டது. அந்தப் பெண் தலையணையோடு திரும்பிவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. போன மாதம் பள்ளிவாசல் வாசலில் பார்த்தபோது, மிஷினுக்கு ஃபில்டர் மாற்ற மதுரைக்குப் போவதாகச் சொன்னார். "மறக்காம வெச்சிருக்கீங்களே" என்றேன். "எங்கே, அவதான் காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கா" என்றார்.