அட்டைப்பெட்டியை எறிந்துவிடாதீர்கள்

தலைக்கு அடிக்கும் டை பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கும். கையுறையை எடுக்கப் பெட்டியைப் பிரிக்கிறவர்கள் அந்தத் தாளையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். பாக்கெட்டாக வாங்குகிறவர்களுக்கு அந்தத் தாளும் கிடையாது. பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருப்பதுதான். அதில் என்ன எழுதுவது என்பது நிறுவனத்தின் விருப்பமல்ல, சட்டம் போட்ட கட்டளை. சிலருக்குத் தோலில் எரிச்சல் உண்டாக்கும் பொருள் இதில் இருக்கிறது, முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமையிலும் புருவத்திலும் பூசினால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருந்தாக வேண்டும்.

சோதிக்கும் முறையையும் விதியே சொல்கிறது. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்பக்கமோ ஓரிடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, கலக்கிய டையில் ஒரு துளி தடவி உலரவிட வேண்டும். 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் தலைக்கு அடிக்கலாம். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பார்லரில் கொடுக்கும் பணத்தில் சிறு பகுதியில் வீட்டிலேயே வேலையை முடிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டை அடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சனிக்கிழமை சோதனை, ஞாயிற்றுக்கிழமை டை என்று ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கினால் போதும்.

“பத்து வருஷமா இதைத்தான் அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்பவருக்குத்தான் சோதனை அதிகம் தேவை. கறுப்பு நிறம் தரும் பெரும்பாலான டைகளில் பாரா-ஃபினைலின்-டயமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சுருக்கமாக பி.பி.டி. இதற்கு வரும் ஒவ்வாமை முதல் நாளில் வருவதில்லை. உடம்பு பல தடவை அதைச் சந்தித்து, ஒருநாள் எதிரியாக அடையாளம் கண்டுகொள்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசமாகலாம். அடித்த அன்றே தெரியாமல், ஓரிரு நாள் கழித்து இமை வீங்கி, காதோரம் நீர் வடியத் தொடங்கும்போது பலருக்கு டையின் நினைப்பே வருவதில்லை. திருவிழாக் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் சில நிமிடங்களில் கருகருவென்று பிடிக்கும் மருதாணிக் கோன்களில் கலப்பதும் பெரும்பாலும் இந்த பி.பி.டி.-யைத்தான். அரைத்த மருதாணி இலை அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு கறுப்பாகப் பிடிக்காது. ‘ஹெர்பல்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள்.

இன்னொன்று, வைக்கும் இடம். டையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். டை வயிற்றுக்குள் போனால் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கும். பிறகு தசை சிதைந்து சிறுநீரகம் கெடும். இதற்கென்று தனி மாற்று மருந்து இல்லை. தெரியாமல் யாராவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைத்து நேரம் கடத்தாமல் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

அந்த அட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளால் விளைந்த தீங்குக்குத் தயாரித்தவரைப் பொறுப்பாக்குகிறது. சரியாகப் பயன்படுத்தும் முறையையும் தவறாகப் பயன்படுத்தினால் வரும் ஆபத்தையும் போதிய அளவு சொல்லாமல் விற்பதே அதற்குப் போதுமான காரணம். அதே சட்டத்தின் 87-வது பிரிவு மறுபக்கத்தைச் சொல்கிறது: பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மீது பொறுப்பு வழக்குப் போட முடியாது. தயாரித்தவரின் வக்கீல் முதலில் எடுக்கும் வாதமும் இதுவாகத்தான் இருக்கும். நீங்களே செய்யும் வேலையில், அட்டையில் சொன்னபடி செய்தீர்களா என்பதுதான் கேள்வி. அட்டையே கையில் இல்லையென்றால் பதில் சொல்வது எப்படி?

மரு, மச்சம் எடுக்கச் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எடுப்பதல்ல, எரிப்பது. இரண்டும் சேர்ந்தால் உருவாவது கடும் காரம். தோலின் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. மச்சம் போன இடத்தில் தழும்பு நிற்கும். அந்த மச்சம் உண்மையில் வேறு ஏதாவது நோயாக இருந்திருந்தால், பரிசோதிக்க மிச்சமும் இருக்காது. இதற்கு வீடியோ போட்டுப் பணம் வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. தவறான விளம்பரத்துக்கு, அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் சேர்த்து, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

சிவப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருக்கக்கூடாது என்பது சட்டம். அழகுசாதன விதிகள், 2020, தெரியாமல் கலந்துவிடும் பாதரசத்துக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறது. கண்ணுக்குப் பூசுபவற்றுக்கு மட்டும் 70 பங்கு. ஆனால் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோயோடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் இப்படிப்பட்ட க்ரீம்களைப் பூசியவர்கள் என்று கண்டறிந்து 2023 வாக்கில் எச்சரித்தார்கள். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காமல் விடுவதுதான் சிக்கனம். சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாதது: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, வாங்கியவர் யாராக இருந்தாலும் உரிய கட்டணம் கட்டி அந்தப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதனை அறிக்கை கேட்கலாம்.

இனி வீட்டு வேலைக்கு வருவோம்.

சைக்கிளிலும் வண்டியிலும் கொண்டுவந்து விற்கும் பாத்ரூம் ஆசிட், பழைய குளிர்பானப் பாட்டிலில் வரும். பாட்டிலில் ஆசிட்டுக்கான அட்டை இராது. சில சமயம் குளிர்பானத்தின் அட்டையே ஒட்டியிருக்கும். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது போதும். ஆசிட் விற்பவர் பதிவேடு வைத்து, வாங்குபவரின் அடையாள அட்டையையும் காரணத்தையும் குறிக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையிலேயே உத்தரவிட்டது. நம் தெருவில் யார் பதிவேடு வைத்திருக்கிறார்கள்? வாங்குகிற நாம்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசிட் ஊற்றிய கழிப்பறையில், கறை போகவில்லையே என்று பிளீச்சிங் பவுடரையும் தூவினால் கிளம்புவது குளோரின் வாயு. கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் நுரையீரல் வெந்துபோக அது போதும். நெடி ஏறினால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, எதைத் தானே செய்வது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது என் செலவா? தமிழ்நாட்டில் நகர்ப்புற வாடகைக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பு வேலைகளை வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. கட்டடத்தின் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். டேப்புக்கு வாஷர் போடுவது, அடைத்த சாக்கடையைச் சுத்தம் செய்வது, சுவிட்ச், பிளக், தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி ஆகியவை குடியிருப்பவருக்கு. வாடகை ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தன் பங்கு வேலையை வீட்டுக்காரர் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கவும் சட்டம் இடம் தருகிறது. வாய்ச்சொல்லாக விடாமல் முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸப் செய்தியானாலும் சரி. ரசீதையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஒழுகும் மாடியைத் தன் காசில் பூசிவிட்டு, காலி செய்யும்போது சுவரைக் கெடுத்ததாக அட்வான்ஸிலும் பிடித்தம் கொடுத்தவர்கள் நம் ஊரில் குறைவில்லை.

பழைய பெயின்ட்டை நீங்களே சுரண்டுவதாக இருந்தால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய சுவரிலும் கிராதியிலும் இருக்கும் ஈயம், காய்ந்த தூசாகப் பறந்து குழந்தைகளின் மூச்சிலும் கையிலும் சேரும். தேய்க்கிற நாளில் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

மின்சாரத்தில் எங்கே கோடு போடுவது? மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குக் கண்டன்சர் மாற்றுவதைக் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் செய்யலாம். பழையதில் எத்தனை மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு வாங்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறக்கூடாது, மெயினை அணைக்க வேண்டும். பல வீடுகளில் வயரிங் மாறி, சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும். அணைத்த பிறகும் ஃபேனில் மின்சாரம் இருந்துகொண்டிருக்கும். பியூஸ் போனால் கையில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவது, அடிக்கடி டிரிப் ஆகிறது என்று, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.-யை நீக்கி நேராக இணைப்பது, இந்த இரண்டும் வீட்டை எரிக்கவோ ஆளைக் கொல்லவோ செய்யும் சிக்கனம். வீட்டில் பொருத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறதென்றால் எங்கேயோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடுவது எலக்ட்ரீஷியன் வேலை. மீட்டருக்கு வெளியே எதையும் தொட வேண்டாம். அங்கே கம்பம் ஏறுவது மின்வாரியத்தின் வேலை. வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவ யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கேஸ் நிரப்புவது மட்டும் நம் வேலையல்ல. இப்போதைய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய வாயு. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் எந்தச் சாதனத்தையும் ஸ்க்ரூடிரைவரோடு அணுகும் முன் உத்தரவாத அட்டையைப் படியுங்கள். அந்தக் காலம் முடிந்த பிறகு என்றால், பழுதுபார்க்கும் முறையையும் உதிரிப்பாக விவரங்களையும் நிறுவனங்கள் மக்களுக்குச் சொல்வதற்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ தளம் இருக்கிறது.

அடுப்புக்குப் போடும் கேஸ் டியூபில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், அதில் அச்சிட்ட காலத்துக்குள் மாற்றிவிட வேண்டும். சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு இருக்கிறது: உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. இதற்காக நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. அதனாலேயே பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கசிவு என்றால் முதலில் 1906.

செப்டிக் டேங்க் விஷயத்தில் மட்டும் சலுகையே இல்லை. லாரிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க ஓர் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு சிறையோ 2 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம், இறக்கியவர் சாதாரண வீட்டுக்காரராக இருந்தாலும். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடும்போது மூக்கையே மரக்கச் செய்துவிடும்; நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் சேர்ந்து சாவது இதனால்தான். கழிவுநீர் வண்டிக்கு 14420-ஐ அழைக்கலாம்.

வாங்கிய பொருள் தீங்கு செய்துவிட்டால் செய்ய வேண்டியவை அதிகமில்லை. படம் எடுங்கள், மிச்சப் பொருளையும் அட்டையையும் பில்லையும் எடுத்து வையுங்கள், மருத்துவர் சீட்டில் எந்தப் பொருளால் வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். பில் கேட்காமல் வாங்கும் பழக்கம்தான் பெரும்பாலானவர்களின் வழக்கை ஆரம்பத்திலேயே முடித்துவிடுகிறது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல புகார்கள் அங்கேயே சமரசத்தில் முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பொருளை வாங்கியது மனைவி, பூசிக்கொண்டது கணவன் என்றாலும், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான். கட்டணம், நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நாற்பது ரூபாய் டைக்காக லட்ச ரூபாய் இழப்பீடு கேட்பவரும் ஒரு பைசா கட்ட வேண்டாம். கெடு, தீங்கு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.