சுடுநீர்க் குளியலுக்கு எத்தனை சென்?

மாதக் கடைசியில் மின்கட்டண ரசீது வந்துவிட்டால் பல வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது பிள்ளைகள்தான். "விளக்கை அணைத்தாயா, மின்விசிறியை அணைத்தாயா?" என்று அப்பா கேட்பார். குளியலறைச் சுவரில் சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும் சுடுநீர்க் கருவியை யாரும் கேட்பதில்லை. சாதாரண எல்.இ.டி. விளக்கு 9 வாட். வீடுகளில் பொருத்தப்படும் உடனடிச் சுடுநீர்க் கருவியோ சுமார் 3,600 வாட். அதாவது 400 விளக்குகளை ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம்.

காம்பாரில் இது கொஞ்சம் வேடிக்கையான செலவு. புஜாங் மலாக்கா மலையின் அடிவாரத்தில், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் சூழ்ந்த இந்த ஊரில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவையே இல்லை. குழாய்த் தண்ணீரும் பெரும்பாலும் 27 பாகை அளவில்தான் வருகிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகள் இருந்த காலத்தில் விறகடுப்பில் வெந்நீர் போடுவது பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சல்காரருக்கும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பவருக்கும்தான். மற்றவர்கள் விடியற்காலையில் பொதுக்குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். தோட்டம் விட்டுத் தாமான்களுக்கு வந்த பிறகு, சுடுநீர் தினசரி வழக்கமாகிவிட்டது. அதில் தவறில்லை, வயதானவர்களுக்கு மூட்டு வலிக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அதன் விலை தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு எளிது. 3.6 கிலோவாட் கருவி 10 நிமிடம் ஓடினால் 0.6 யூனிட். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு வேளை என்றால் நாளைக்கு 6 யூனிட், மாதத்திற்கு 180 யூனிட். 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்சாரம், திறன், கட்டமைப்பு ஆகிய மூன்று கட்டணங்களும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். அந்தக் கணக்கில் குளியலுக்கு மட்டும் ஏறக்குறைய 80 ரிங்கிட், தள்ளுபடிக்கு முன்.

தள்ளுபடிதான் இங்கே கவனிக்க வேண்டியது. 200 யூனிட்டுக்குள் நின்றுகொள்ளும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 சென் ஊக்கச் சலுகை உண்டு. பயன்பாடு ஏற ஏற அந்தச் சலுகை படிப்படியாகக் குறைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமில்லாமல் போகிறது. 600 யூனிட்டுக்கு மேல் போனால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும், கூடுதல் யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே சுடுநீரில் மிச்சப்படுத்தும் யூனிட், தன் விலையை மட்டுமல்லாமல் மற்ற யூனிட்டுகளின் விலையையும் குறைத்துவிடுகிறது.

சுடுநீரை அடியோடு விட வேண்டியதில்லை. நிமிடத்தைக் குறைத்தால் போதும். அதே வீட்டில் காலையில் மட்டும் ஆளுக்கு 5 நிமிடம் என்றால் மாதத்திற்கு 45 யூனிட்தான். மாலையில் பெரும்பாலும் கருவியே தேவைப்படாது. நாள் முழுக்க வெயில் காய்ந்த கூரையின் கீழ் உள்ள தொட்டித் தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாக இருக்கும். சோப்புப் போடும்போது தண்ணீரை நிறுத்துவதும், கருவியின் திருகை முழு அளவுக்குத் திருப்பாமல் வைப்பதும் பழக்கம் சார்ந்தவை. பாட்டிக்கோ கைக்குழந்தைக்கோ என்றால் வாளிதான் சிறந்தது. 15 லிட்டர் தண்ணீரை 12 பாகை சூடேற்ற 0.2 யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பத்து நிமிடப் பூந்தூறல் குளியலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

சேமிப்புத் தொட்டி உள்ள கருவி வேறு மாதிரி. குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் அணைக்க வேண்டும். நாள் முழுக்கப் போட்டு வைத்தால் யாரும் குளிக்காவிட்டாலும் தொட்டி ஆறும், கருவி திரும்பத் திரும்பச் சூடேற்றும். சமையலறையில் எந்நேரமும் கொதிநீர் வைத்திருக்கும் மின்கெண்டியும் இதே ரகம். காலையில் ஒருமுறை கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் மாலைத் தேநீர் வரை தாங்கும்.

2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் காம்பாரில் திறக்கப்பட்ட பிறகு மாணவர் வாடகை வீடுகள் பெருகின. ஒரே கூரையின் கீழ் பல பேர் குளிக்கும் வீட்டில், கட்டணத்தைச் சமமாகப் பங்கு போடும்போது யாருக்கும் நிமிடக் கணக்கு உறைப்பதில்லை. சூரிய ஒளிச் சுடுநீர்த் தொட்டி சொந்த வீட்டுக்காரருக்குச் சரிப்படும். ஆனால் மழைநாளுக்காக வைத்திருக்கும் மின் விசையை அணைக்க மறந்தால் அதுவும் மின்சாரத்தைத்தான் குடிக்கும்.

சிக்கனம் கூடாத இடம் ஒன்று உண்டு. சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். கருவியில் எரிசக்தி ஆணையம், சிரிம் ஆகியவற்றின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குளிக்கும்போது அடிக்கடி விசை விழுகிறது என்று துண்டிப்பானைத் தவிர்த்து நேரடியாகக் கம்பி இணைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விசை விழவில்லை என்றால், உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை பச்சைத் தண்ணீரிலேயே குளிக்க வேண்டியதுதான்.